அம்மாவுக்கு அக்கி எழுதிய பிறகு

அன்புள்ள மகள் ஜெயசித்ராவுக்கு அப்பா எழுதுவது. அரியலூர் மருதையாற்றில் ரயில் கவிழ்ந்த அந்தக் கார்த்திகை அடைமழையில் பிறந்த உன் அம்மாவும், அப்போது கன்றுக்குட்டி மேய்த்துக்கொண்டிருந்த நானும் இங்கே உயிரும் உடம்புமாக இருக்கிறோம், அந்தமானில் நீயும் மாப்பிள்ளை மணிவண்ணனும் பேத்தியும் அதே மாதிரி ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். ரயில் கவிழ்ந்த கதை இப்போது எதற்கு என்று நினைப்பாய். ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த டாக்டரம்மா உன் அம்மாவின் வயதைக் கேட்டார், ஆதாரில் ஒன்று இருக்கிறது, அவள் வாயில் வேறொன்று வருகிறது, அதனால் நான் ரயிலைச் சொன்னேன். செந்துறையில் இவள் பிறந்த அன்று ஊர் ஆம்பளைகள் எல்லாம் ரயிலைப் பார்க்கப் போய்விட்டார்கள், மருத்துவச்சியைக் கூப்பிட ஓடுவதற்கு ஒரு ஆள் இல்லை என்று உன் அம்மாயி சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறாள், அதையும் சொன்னேன். டாக்டரம்மா போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, அப்போ அறுபத்தொன்பது தாத்தா என்றார்.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும், நான் சொல்லச் சொல்ல எழுதுவது நம்ம ஊர் சத்துணவுக்கூடத்தில் வேலை பார்க்கிற கவிதா, முத்தமிழ்செல்வன் பெஞ்சாதி. தபாலில் போட்டால் கடல் தாண்டி வர நாளாகும் என்று தாளைப் படம் பிடித்து மாப்பிள்ளை நம்பருக்கு அனுப்புகிறேன் என்கிறாள். போனில் பேசலாமே என்பாய். எனக்குக் காது மந்தம், ஸ்பீக்கர் போட்டால்தான் கேட்கிறது, ஸ்பீக்கர் போட்டால் உன் அம்மாவுக்கும் கேட்கிறது, அவளுக்குக் கேட்கக் கூடாத விஷயம் இது. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன், எனக்கு மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. உன் அம்மா இனிமேல் கரண்டு வைக்கப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். நாளைக்குத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள், நாளைக்கு விட்டால் வைத்ததெல்லாம் வீணாகப் போகும் என்று பயமாக இருக்கிறது.

நீ போனில் கேட்கும்போதெல்லாம் நல்லா இருக்கேன் என்றுதானே சொல்கிறாள், இங்கே நடந்ததை நான் சொல்கிறேன் கேள். மார்புக் கட்டிக்கு ஆபரேசன் முடிந்து, ஊசி மருந்து முடிந்து, கொட்டின முடி இப்போது கோழிக்குஞ்சுக்கு முளைத்த மாதிரி வெள்ளையாக முளைத்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் இந்தக் கரண்டு. சனி ஞாயிறு தவிர தினமும் விடியற்காலை பஸ் பிடித்துப் பெரம்பலூர், அங்கே மாறித் திருச்சி, உள்ளே படுக்க வைத்து மிஷினை ஓட்டுவது நாம் ஒரு வாய் வெற்றிலை போடுகிற நேரம், அதற்கு ஒரு பகல் முழுதும் போகிறது. நெஞ்சிலும் கக்கத்துப் பக்கமும் மையால் கோடு போட்டிருக்கிறார்கள், கோட்டுக்குள்ளேதான் வைப்பார்களாம், அழியக் கூடாது, சோப்பு கூடாது, மஞ்சள் கூடாது, எண்ணெய் கூடாது, பவுடர் கூடாது. மஞ்சள் இல்லாமல் அவள் குளித்தது கிடையாது, ஆபரேசனுக்கு அழாதவள் மஞ்சள் கூடாது என்றதும் அழுதாள். ரவிக்கை உரசுகிறது, தளர்வாகப் பருத்தித் துணி போடச் சொல்லி நர்ஸ் சுமதி சொல்லிக்கொடுத்தது, வீட்டில் மெத்தென்று இருப்பது என் பழைய சட்டைதான், அதைப் போட்டுக்கொண்டு மேலே சேலையைச் சுற்றிக்கொள்கிறாள். ஒருநாள் கண்டக்டர், என்னம்மா தாத்தா சட்டையெல்லாம் உன்கிட்ட இருக்கு என்று கேட்டான். இவள் டிக்கெட்டை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டே, அந்தாளுக்கு என் ரவிக்கை பத்தலப்பா என்றாள். பஸ்ஸே சிரித்தது. அந்த மாதிரி பேசிக்கொண்டிருந்தவள்தான்.

பாதிக்கு மேல் போனதும் உடம்பு தளர ஆரம்பித்தது. குழாயடிக்குப் போகிறவள் பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறாள். களைப்பு இருக்கும், அதற்காகப் படுத்தே கிடக்காதே, வெயில் இறங்கினதும் கொஞ்சம் நட என்று சொல்லியிருக்கிறார்கள், ஊரைச் சுற்றி இல்லை, வெங்காயப் பட்டறை வரைக்கும் நடத்தித் திருப்பிக் கூட்டி வருவேன். முழுங்கினால் தொண்டையில் முள் இருக்கிற மாதிரி இருக்கிறது என்றாள், காரத்தை நிறுத்தி, சோற்றைக் குழைய வடித்து மோர் ஊற்றி, முட்டையை அவித்து நசுக்கிக் கொடுக்கிறேன். ஆமாம், நான்தான் சமைக்கிறேன், சிரிக்காதே. கை தூக்க வரவில்லை என்று சுவரில் விரலை எறும்பு மாதிரி ஏற்றச் சொன்னார்கள், அதையும் செய்தாள். எல்லாவற்றையும் பொறுத்தாள், கக்கத்தில் தோல் கறுத்துச் சிவந்து, பிறகு வரிவரியாகக் கொப்பளித்ததுதான் கெட்ட நேரம்.

அதைப் பக்கத்து வீட்டு வீரம்மாள் பார்த்துவிட்டாள். பார்த்ததும் இது அக்கி, மனுசக் கண்ணுக்கு இதுகூடவா தெரியாது, ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு அக்கி ஏது, எழுதாமல் விட்டால் சுற்றிக்கொண்டு முதுகு வரைக்கும் போகும் என்றாள். நானும் பார்த்தேன், எனக்கும் அக்கி மாதிரித்தான் இருந்தது. எனக்குச் சின்ன வயதில் இடுப்பில் வந்து எழுதித்தான் இறங்கியது, அந்தக் கொப்பளமும் இந்தக் கொப்பளமும் ஒன்றாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியும் இல்லை, அக்கி எழுதுவதற்கும் ஞாயிறுதான் நாள், மூன்று பேருமாக வேளார் வீட்டுக்குப் போனோம். வேளார் வெளியே நின்று பானைக்கு மண் மிதித்துக்கொண்டிருந்தார், ஆம்பளைக்கு இவள் காட்டமாட்டாள், அதனால் அவர் வீட்டம்மா உள்ளே கூட்டிப்போய் காவியைக் குழைத்துக் கோழி இறகால் கொப்பளத்தைச் சுற்றிச் சிங்கம் எழுதினது. காவி பட்டதும் குளுகுளு என்று இருக்கிறது என்று உன் அம்மா சொன்னாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்று உன் அம்மா வயிறாரச் சாப்பிட்டாள், பாப்பா, அதைப் பார்த்து நாம் செய்தது சரிதான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சட்டையைத் திறந்தால் காவி காய்ந்து வெடித்து, தோலோடு ஒட்டிக் கிடக்கிறது, மைக்கோடு எது காவிக்கோடு எது என்று தெரியவில்லை. நர்ஸ் சுமதி கத்தவில்லை, அது நல்ல பெண். இது என்ன பாட்டி என்று கேட்டது. உன் அம்மா, சிங்கம், அழிக்காதீங்க, எழுதினா தானா உதிரணும் என்றாள். அதற்கு அது, “சிங்கத்தோட உள்ள போனா எங்க மிஷின் பயந்துக்கும் பாட்டி” என்று சிரித்துக்கொண்டே வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து வைத்து வைத்து எடுத்தது. எவ்வளவு மெதுவாக எடுத்தும் காவியோடு தோலும் வந்துவிட்டது. வெளியே பெஞ்சில் இருந்த எனக்கு, இந்த மந்தக் காதுக்கு, அவள் சத்தம் கேட்டது. டாக்டரம்மா வந்து பார்த்து, இது அக்கி இல்லை, கரண்டு வைக்கிற இடத்தில் தோல் இப்படி ஆகும், எல்லாம் முடிந்த கொஞ்ச நாளில் புதுத் தோல் வந்துவிடும், இப்போதைக்கு ஒரு வாரம் நிறுத்தி ஆறவிடுவோம், மருந்து போடுங்கள், பிறகு புதுக் கோடு போட்டு மிச்சத்தை வைப்போம், அதற்கு மேல் தள்ளினால் வைத்ததன் பலன் குறையும் என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். மருந்து போட்டேன், புண் காய்ந்து வருகிறது. காவி எழுதாமல் மறுநாள் கொப்பளத்தை அப்படியே ஆஸ்பத்திரியில் காட்டியிருந்தால் அப்போதே மருந்து கொடுத்திருப்பார்கள். நீ இதற்காக வீரம்மாளைத் திட்டாதே, போன போகியில் அவள் மருமகன் இறந்ததிலிருந்து யாருக்கு என்ன வந்தாலும் ஓடி ஓடிச் செய்கிறாள், அவளால் வீட்டுக்குள் உட்கார முடியவில்லை.

இப்போது புண்ணும் ஆறுகிறது, ஏன் போகமாட்டேன் என்கிறாள் என்று கேட்பாய். நானும் அதைத்தான் கேட்டுக் கேட்டு அலுத்தேன். வலிக்கிறதா என்றால் இல்லை என்கிறாள். பஸ் முடியவில்லையா, அங்கேயே தங்கிக்கொள்வோமா என்றால் அதற்கும் இல்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து பார்ப்பாள், பக்கத்தில் வரமாட்டாள். கட்டிலைத் தனியாக இழுத்துப் போட்டுக்கொண்டாள், அவள் துணியை நான் தொட்டால் பிடுங்கிக்கொள்கிறாள். எனக்கு அது புரியவே இல்லை, கோபத்தில் நான்கூட ஒருநாள் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். முந்தாநாள் மக்காச்சோள மூட்டை தூக்கிவிட்டு வந்து குளிக்கும்போது என் தோள்பட்டையில் சிவந்து தடித்திருந்தது, நான் சொறிந்துகொண்டே போனேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“எழுதின அக்கிய நாள் ஆவறதுக்கு முன்ன அழிச்சா வூட்டுல இருக்கற இன்னொருத்தர் மேல ஏறும்னு வீரம்மா சொன்னா. பாத்தியா, ஒன் மேல ஏறிட்டுது. நான் மறுபடி போனா மறுபடி வரும், மறுபடி அழிப்பாங்க. எனக்கு வந்ததோட போவட்டும், ஒன்னையும் ஏன் சேத்துக்கிட்டுப் போவணும்.”

அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னேன். ஒரு வாரமாக இந்தப் பயத்தை வைத்துக்கொண்டு, எனக்குச் சோறு போட்டு எதிரே உட்கார்ந்து என் உடம்பையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். மூட்டை உரசின தடிப்பு, வேர்வை என்று எவ்வளவோ சொன்னேன், ஆம்பளை அப்படித்தான் சொல்வான் என்கிறாள். நர்ஸ் சுமதிக்குப் போன் போட்டுக் கொடுத்தேன், ஒட்டவே ஒட்டாது பாட்டி, தாராளமா தாத்தா பக்கத்துல உக்காருங்க என்றது, எல்லாவற்றுக்கும் சரிம்மா சரிம்மா என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டிவிட்டாள். யார் சொன்னால் கேட்பாள் என்று யோசித்துக்கொண்டே வேப்பந்தட்டைக்கும் வீட்டுக்குமாக அலைந்தேன், கடைசியில் இன்று காலை வேளார் வீட்டம்மாவையே கூட்டிக்கொண்டு வந்தேன். அது என் தோளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தது. “எழுதுன என் கையிலயே ஒட்டல, ஒனக்குச் சோறு வடிக்கற கெழவனுக்கு எங்கேர்ந்து ஒட்டும்? இது மூட்டத் தடிப்பு. நீ அன்னைக்கு ஆஸ்பத்திரி சமாச்சாரத்தச் சொல்லியிருந்தா நான் எறகையே தொட்டிருக்க மாட்டேன் ஆயா” என்று அதட்டியது. அது போனதும் உன் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், தோளைத் தொடவில்லை, உட்கார்ந்தாள். ஜெயசித்ரா இன்னைக்குப் போன் போட்டுச்சா என்று கேட்டாள். அவ்வளவுதான். போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை, ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கவிதா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதனால் நீ செய்ய வேண்டியது இதுதான். நாளை விடியும் முன்னே பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரத்தில் போன் போடு. அக்கி விஷயம் தெரிந்த மாதிரி காட்டாதே, திட்டாதே, ஏன் போகமாட்டேன் என்கிறாய் என்று கேட்காதே, கேட்டால் அதற்கு ஒரு பதில் வைத்திருப்பாள். முக்கியமாக அழாதே. அப்பா எப்படி இருக்கிறார், அவர் தோளில் என்னமோ என்றாரே என்று நீயாகக் கேட்டு, வீடியோவில் என் தோளைக் காட்டச் சொல், பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சிரி. நான் சொன்னால் பொய், நர்ஸ் சொன்னால் மரியாதைக்குச் சொல்வது, வேளார் வீட்டம்மா சொன்னதைப் பாதி நம்பியிருக்கிறாள், நீ சிரித்தால் மீதியும் நம்புவாள். பிறகு பேத்தியிடம் போனைக் கொடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். மாப்பிள்ளையைக் கடலோரம் சாரம் கட்டும் வேலையில் பார்த்து ஏறச் சொல், பேத்திக்குத் தலையில் எண்ணெய் வை, போன தடவை படத்தில் முடி செம்பட்டையாக இருந்தது. நீயும் குளிக்கும்போது உடம்பைத் தடவிப் பார்த்துக்கொள், ஏதாவது கட்டி தட்டுப்பட்டால் உன் அம்மா மாதிரி அறுப்பு முடியட்டும் என்று இருக்காதே. இதை அப்பா சொல்லக் கூடாது, கவிதாவைத் தலையைத் திருப்பிக்கொண்டு எழுதச் சொல்லியிருக்கிறேன். மறந்துவிடாதே, விடியும் முன்னே. பஸ் நமக்காக நிற்காது.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல், நான் கண்ணால் காணாத அந்த ஊரில் தழைத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு உன் அப்பா அமாவாசை, கைநாட்டு.

கவிதா பேனாவை மூடிவிட்டாள், திறக்கச் சொன்னேன். முன்னெல்லாம் நம்ம வீட்டுக்கு வருகிற கடிதங்களில் கையெழுத்துக்குக் கீழே ஆசி சொல்கிற பெரியவர்கள் பேரை வரிசையாக எழுதியிருப்பார்கள், தபால்காரர் படிக்க நான் கேட்டிருக்கிறேன். உனக்கும் அப்படி எழுதலாம் என்று சொல்ல ஆரம்பித்தேன். உன் அப்பத்தா பாப்பாயி, எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டப் போன இடத்தில் காய்ச்சலில் போனாள். என் தம்பி பாவாடை, உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு திருவிழா பார்த்தவன், பெரிய வெள்ளம் வந்த வருஷம் போனான். உன் தாய்மாமன் அய்யாக்கண்ணுவும் அவன் பெண்டாட்டியும் கொரோனாவில் ஒருத்தர் பின்னால் ஒருத்தர். உன் அம்மாயி, போன தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. என்னை விட்டுவிடு. இந்த வரிசையில் உன் தலையில் கை வைத்து ஆசி சொல்ல இன்னும் உயிரோடு இருப்பது உன் அம்மா குஞ்சம்மாள்.