இடது முன்சில்லின் சத்தம்

கார்க் கொட்டிலுக்குள் இன்னும் இலேசாகத் தேங்காயெண்ணெய் மணக்கிறது. இடது முன்சில்லைக் கழற்றிக் கழுவி, பிறேக்கின் உள்ளே தேய்கிற லைனர்களையும் புதிதாக மாற்றியாகிவிட்டது. மண்ணில் ஊறியது மட்டும் போகவில்லை. அடுப்படியில் மணக்க வேண்டியது காரடியில் மணந்தால் யாரையாவது சந்தேகப்படத்தானே வேண்டும்? நான் பட்டேன். யாரை என்று அறிந்தால் நீ சிரிப்பாய். அது கடைசியில் யாருடைய வேலை என்று அறிந்தால் சிரிக்கமாட்டாய்.

சந்தேகப்படுவதில் நீ எனக்கு மூத்தவள். கன்னியர் மடத்துப் பள்ளியில் ஒரே வாங்கில் இருந்த நாளிலேயே, மதர் தந்த இனிப்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இண்டைக்கு ஏன் தந்தவ?" என்று என் காதுக்குள் கேட்டவள். கொடிகாமம் சந்தையில் ஒருவன் முருங்கைக்காயை விடியப் பிடுங்கியது என்று சொன்னால், நீ முதலில் பார்ப்பது காயை அல்ல, அவன் கண்ணை.

என் கணவர் இறந்த பிறகு நான் காரை விற்றுவிடுவேன் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். நீ மட்டும் வந்து, கதவைத் திறந்து, பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டு, "வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போகவேணும். எடு காரை" என்றாய். அதோடு ஒரு சட்டமும் போட்டாய். "ஆக்களை மட்டுமில்லை, காரையும் நம்பாதை. படலை தாண்ட முந்தி வளவுக்குள்ளை ஒருக்கா பிறேக்கை மிதிச்சுப் பார்."

பிறேக் கிரீச்சிடத் தொடங்கிய மாரிகாலம் நினைவிருக்கிறதா? பட்டணத்துக் கராஜில் ஒருவர் காரைத் தொடாமலே, "நாலு சில்லிலையும் எல்லாம் மாத்தவேணும், அன்ரி" என்றார். நீ என் முழங்கையைக் கிள்ளினாய்.

"சத்தம் எந்தச் சில்லிலை, தம்பி?"

"அது... பொதுவா எல்லாத்திலையும் தான்."

வெளியே வந்ததும், "உவன் காரைப் பாக்கேல்லையடி. எங்கடை கைப்பையைத் தான் பாத்தவன்" என்றாய்.

அன்று பின்னேரமே உன் ஒழுங்கையில் விசாரணை தொடங்கியது. நான் காரை நடை வேகத்தில் விட்டு மிதித்து மிதித்து வர, நீ சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து, சில்லோடு காதை வைத்தபடி கூடவே நடந்தாய். வேலிக்கு மேலால் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"என்ன ரீச்சர், தோட்டைத் துலைச்சுப்போட்டியளோ?"

"கள்ளனைப் பிடிக்கிறம். சத்தம் போடாமல் நில்லுங்கோ!"

கள்ளன் இடது முன்சில்லில் இருந்தான். பிறகு நெடுந்தெருவில் ஓடிவிட்டு வந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் ஒவ்வொரு சில்லின் நடுவிலும் புறங்கையை வைத்தாய். ஒன்றும் மற்றதைவிடச் சூடாக இல்லை. "இறுகிப் பிடிக்கேல்லை. தூசாத் தான் இருக்கும்." வேறொரு கராஜில் எங்கள் கண் முன்னால் திறக்கவைத்தோம். தூசு அடைந்து, லைனரின் முகம் கண்ணாடிபோல் மினுங்கியது. அவர் தூசைத் துடைத்து, அரத்தாளால் தேய்த்துப் பூட்டினார். "கடற்காத்துப் படுற இடம், அம்மா. விடியக்காலமை ஈரத்துக்குக் கொஞ்சம் கத்தும். கொஞ்சத் தூரம் ஓட நிண்டிடும்." நீ அவர் கண்ணை நெடுநேரம் பார்த்தாய். "உண்மை தான் சொல்லுறான்" என்றாய், ஏதோ ஏமாந்துபோனவள்போல.

அவர் சொன்னபடியே ஆயிற்று. என் வீட்டிலிருந்து வரும் காலைச் சத்தத்தின் கடைசிக் கிரீச்சு உன் படலையடியில்தான் முடியும். நான் ஒரு வீட்டுவாசலிலும் ஹோர்ன் அடிக்கிறவள் அல்ல. அந்தக் கிரீச்சே எனக்குப் போதும். நீ வருவாய். உன் பின்னால் உன் கணவர் மாஸ்ரர், நீ மறந்துவிட்டு வந்த சந்தைப் பையைத் தூக்கிக்கொண்டு வருவார். ஒவ்வொரு வெள்ளியும் மறந்தாய். அவர் கையால் வாங்க வேண்டுமென்றே மறந்தாய் என்பது என் சந்தேகம். கேட்காமல் விட்டுவிட்டேன்.

நீ கண்ணை மூடிய பிறகும் வெள்ளிக்கிழமைகளில் உன் படலையடியில் என் கால் தானாகவே பிறேக்கை மிதித்தது. கார் கத்தியது. ஒருவரும் வராததால் போய்க்கொண்டிருந்தேன்.

இந்த இடைவெளியில்தான் தங்கையின் மகன் நிமலன் தொடங்கினான். "பெரியம்மா, உது கத்துற கத்திலை ஊரே எழும்புது. வித்துப்போட்டு ஓட்டோவிலை போங்கோவன். கலியாணத்துக்குச் சோடிச்சு விடுறதுக்கு ஒருத்தர் கேக்கிறார்." பிறேக்கில் ஒரு பிழை வந்தால் கார்த் திறப்பைக் கேட்பான் என்று எனக்குத் தெரியும். திறப்பைக் கொடுத்தால், சந்தைக்கும் கோயிலுக்கும் இன்னொருவரின் நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டியவள் ஆகிவிடுவேன்.

அப்படியிருக்க, ஒரு வெள்ளி காலையில் வளவுக்குள் மிதித்தேன். சத்தமே இல்லை. கார் நிற்கவும் இல்லை. மூக்கு வலப்பக்கம் திரும்பி வேலியை நோக்கிப் போயிற்று. கைப்பிறேக்கை இழுத்து நிறுத்தினேன். இடப்பக்கம் பிடிக்கவில்லை. இறங்கி முன்சில்லடியில் குனிந்தேன். தேங்காயெண்ணெய்! உன் சட்டம் இல்லாமல் அப்படியே நெடுந்தெருவுக்கு ஏறியிருந்தால், இந்த மடலை எழுத ஆள் இருந்திருக்காது.

உடனே நிமலனுக்குப் போன் எடுத்தேன்.

"என்ரை காருக்கு எண்ணெய் விட்டது ஆர்?"

"என்ன எண்ணெய், பெரியம்மா? நான் உங்கடை பக்கம் வந்தே கன நாள்."

"நீ வராட்டி ஆளை அனுப்பியிருப்பாய்."

"ஐயோ, எனக்குச் சமைக்கவே எண்ணெய் இல்லை!"

போனை வைத்த பிறகுதான் கொட்டில் மரத்தில் கிடந்த துணியைக் கண்டேன். எண்ணெய் துடைத்துவிட்டு ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. கள்ளன் துணியை மடித்து வைப்பானா? விரித்தேன். விளிம்பு கைத்தையல். மூலையில் ஊசியை இரண்டு தரம் திருப்பி முடித்திருந்தது. அப்படி முடிக்காதே என்று தையல் வகுப்பில் சிஸ்டர் உன்னை எத்தனை முறை எழுப்பி நிறுத்தியிருப்பா! எங்கள் வகுப்பில் அந்தப் பிழையை விடாமல் செய்தவள் நீ ஒருத்திதான்.

துணியோடு உன் வீட்டுக்கு நடந்தேன். மாஸ்ரர் பேப்பர் வாங்கிப் படிக்க ஒவ்வொரு பின்னேரமும் என் வளவுக்கு வருகிறவர். அவரைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை. நீயாயிருந்தால் தோன்றியிருக்கும்.

"ஓம், அக்கா," என்றார் உடனே. "கிணத்துக் கப்பி கத்தினால் விடுறமாதிரித் தான். அவவின்ரை தையல் மெசின் குப்பியாலை கொஞ்சம் விட்டனான்."

"பிறேக்குக்கு எண்ணெய் விட்டால் கார் நிக்காது, மாஸ்ரர். என்னைக் கொல்லப் பாத்தனீங்கள்."

அவர் கதிரையில் உட்கார்ந்தார். நான் ஏசுவதற்காகவே வந்தவள். நிறைய வைத்திருந்தேன்.

"அந்தச் சத்தம் கேட்டால் நான் எழும்பி அவவின்ரை பையை எடுக்கிறன், அக்கா," என்றார். "பையோடை பாதி முற்றத்துக்கு வந்தாப் பிறகு தான் நினைவு வருது. நீங்கள் அதுக்குள்ளை போயிடுவியள். சத்தம் நிண்டால் எழும்பமாட்டன் எண்டு நினைச்சன்."

நான் துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நிமலனுக்கு உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் திறப்பைக் கேட்பான். கராஜில் முன்பக்கம் இரண்டு சில்லுக்கும் புது லைனர் போட்டார்கள். ஓரத்தைக் கொஞ்சம் சரித்துத் தேய்த்தால் இனிக் கத்தாது, தேய்க்கட்டோ என்று கேட்டார் கராஜ்காரர். உன்னைக் கூப்பிட எனக்கிருந்த ஒரே குரல் அது. தேய்க்கச் சொன்னேன். தேய்த்து முடியும்வரை அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நேற்று வெள்ளி. வளவுக்குள் மிதித்தேன். சத்தமில்லாமல் நேராக நின்றது. சத்தமில்லாததை நம்பாமல் இரண்டாம் முறையும் மிதித்தேன். உன் படலையடியில் கால் வழக்கம்போல் மிதித்தது. கார் ஊமையாக நின்றது.

மாஸ்ரர் பையோடு படலையில் நின்றார்.

"சத்தம் கேக்கேல்லை, அக்கா," என்றார். "எண்டாலும் நேரம் தெரியுதே."

கையை நீட்டிப் பையை வாங்கி உன் இருக்கையில் வைத்துக்கொண்டு போனேன். சந்தையில் ஒருவன் முருங்கைக்காயை விடியப் பிடுங்கியது என்றான். நான் காயைப் பார்க்கவில்லை. அவன் சொன்னது பொய்தான். வேறொருவனிடம் வாங்கி, உன் பையை நிரப்பி, திரும்பும் வழியில் மாஸ்ரரிடம் கொடுத்தேன்.