அன்று சாயங்காலம் அவன் வீட்டில் இல்லை

ஆகஸ்ட் 18, 2024
வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மாவுக்கு அந்தச் சந்தோஷம். தம்பி பகலவன் மதியச் சாப்பாட்டுக்குக் குந்தவையைக் கூட்டி வந்தான். தஞ்சாவூரில் ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை, லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறாள். இரண்டு வருஷப் பழக்கம். தையில் கல்யாணம் என்று இரு வீட்டிலும் பேச்சு. யார் என்ன கேட்டாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்லுகிற பெண். இன்று சிரிக்கவில்லை. இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. "வண்டியிலேர்ந்து விழுந்துட்டேன்க்கா." சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 25
அவனிடம் கேட்டேன். "எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும். மருந்துக் கடைக்குப் போனமா வந்தமான்னு இரு."
அம்மா மாவு சலித்துக்கொண்டே, "கல்யாணம் ஆனா எல்லாம் அடங்கிடும்" என்றாள். எது அடங்கும்?

செப்டம்பர் 11
கடை முடிந்து ஹாஸ்டலுக்குப் போனேன். குந்தவை துப்பட்டாவை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். விரல் தடம். கூட வேலை பார்க்கிறவன் ஒருத்தன் போன் செய்தானாம், அதற்கு. மறுநாள் பகலவன் அவள் காலில் விழுந்து அழுதானாம். என் மடியில் தூங்கி வளர்ந்த பயல். "அவன் என் தம்பி. அதனாலதான் சொல்றேன், அவன விட்டுடு" என்றேன்.
"நீங்களாக்கா சொல்றீங்க?"
என் கையைப் பிடித்தவள் நெடுநேரம் விடவில்லை.

செப்டம்பர் 29
விட்டுவிட்டாள். திருச்சியில் வேலை தேடிக்கொண்டாளாம். பகலவன் நடவுக்கு வரவில்லை, சாப்பிடவும் இல்லை. அம்மாவுக்கு என்மேல் சந்தேகம். எனக்கு நிம்மதி.

அக்டோபர் 15
எழுத முடியவில்லை.

அக்டோபர் 16
குந்தவை செத்துப் போயிட்டா.

திங்கட்கிழமை, கடைசியா ஒரு தடவ பேசணும்னு கூப்பிட்டிருக்கான். போயிருக்கா. ஏம்மா போன? புது ஆற்றுக் கரையில கழுத்த நெரிச்சுத் தண்ணியில தள்ளிட்டான். மறுநாள் காலைல மதகுல ஒதுங்கிக் கிடந்தா.

அன்னிக்கு இருட்டின பிறகுதான் வீட்டுக்கு வந்தான். கையில நகக் கீறல். "கருவ முள்ளு கிழிச்சிருச்சு"ன்னான். சோறு போட்டேன் — நான்தான் போட்டேன். ரெண்டாந்தரம் குழம்பு கேட்டு வாங்கினான்.

போலீஸ் வந்தபோது அம்மா முந்திக்கொண்டாள். "சாயங்காலம் பூரா எம் புள்ள வீட்டுலதாங்க இருந்தான்." இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "இல்லைங்க. இருட்டினதுக்கு அப்புறம்தான் வந்தான்" என்றேன். கீறலையும் சொன்னேன். பகலவன் தலையை நிமிர்த்தவில்லை. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்டோபர் 17
ஆஸ்பத்திரிப் பிணவறை வாசல். குந்தவையின் அப்பா துரைராசு அதிராம்பட்டினம் பக்கத்திலிருந்து வந்திருந்தார். நான் யாரென்று சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. "நாந்தாங்க அவள விட்டுடச் சொன்னேன். சொல்லாம இருந்திருந்தா..." என்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்ககிட்டயும் சொல்லிச்சும்மா. அனுசரிச்சுப் போன்னு அனுப்பி வச்சோம்" என்றார்.

அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். உடம்பைக் கொடுக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

நவம்பர் 3
அம்மா ஜெயிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். என்னோடு பேச்சில்லை. "கூடப் பொறந்தவனையே காட்டிக் குடுத்தவ" என்று பக்கத்து வீட்டில் சொன்னாள், எனக்குக் கேட்கும்படி. தஞ்சாவூரில் அறை பார்த்துவிட்டேன்.

ஜனவரி 14, 2025
பொங்கல். கடை லீவு. படுத்தே கிடந்தேன். அவனை முழுசாக வெறுக்க முடியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 9
அம்மா போன் செய்தாள். நான் வீட்டை விட்டு வந்த பிறகு இதுதான் முதல் தடவை. குறுவை நட ஆள் கிடைக்கவில்லை என்றாள். மோட்டார் ரிப்பேர் என்றாள். பிறகு, "என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்காங்க செம்மொழி."

"அவனோட வக்கீல் என்ன சொல்றாரு?"

"வீட்டுலதான் இருந்தான்னு சொல்லச் சொல்றாரு."

நான் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பொண்ணு நம்ம வீட்டுல சாப்புட்டா, எல்லார் தட்டையும் சேத்துக் கழுவி வச்சுட்டுத்தான் போகும்" என்றாள். "அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரலடி."

பிறகு அம்மாவே, "திங்கக்கிழம கோர்ட்டு. எந்த பஸ்ஸுல வந்தா சரியா இருக்கும்?"

"எட்டு மணி பஸ்ஸுல வாம்மா. ஸ்டாண்டுல நான் நிக்கிறேன்."