ரிமோட் மேசைக் காவல்

என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? தைலம் தேய்க்கச் சோம்பல்படாதே.

இங்கே ரோபோக்களைச் சண்டைக்கு விடும் கூடத்தில் எனக்கு ரிமோட் மேசையைக் காக்கிற வேலை. மோதுகிற இருவரைத் தவிர மற்றவர்கள் ரிமோட்டை அணைத்து என்னிடம் வைத்துவிட வேண்டும். வெளியே ஒன்று ஆன் ஆகியிருந்தாலும் அலை குறுக்கிட்டு, களத்தில் அதே அலைவரிசையில் ஓடும் ரோபோ சொன்ன பேச்சைக் கேட்காது.

போன ஞாயிறு என் அறைவாசி லேத்காரன் வந்தான். "மாமா, பேட்டரி மாத்திட்டு உடனே தந்துடறேன்" என்றான். ஒரே சட்டியில் சாப்பிடுகிறவன் ஆயிற்றே என்று அவன் ரிமோட்டைக் கொடுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில், அவன் அண்ணனின் ரோபோவோடு மோதிக்கொண்டிருந்த எதிரி ரோபோ பேய் பிடித்தாற்போல் சுவரில் முட்டிக் கவிழ்ந்தது.

நடுவர் விசாரிக்க வருவதற்குள் ரிமோட்டை அணைத்து மேசையில் வைத்துவிட்டு, "நான் வாங்கவே இல்லீங்க. பெரியவர் எதையாவது ஆன் பண்ணிட்டு மறந்திருப்பாரு, வயசாச்சுல்ல" என்று சிரித்தான். மறதியா, எனக்கா? நம் கல்யாணத்தில் கோபித்துக்கொண்டு போன உன் சித்தப்பாவின் சட்டை நிறம்கூட எனக்குத் தெரியும். நடுவர் அவனைத்தான் நம்பினார். இப்போது கூடத்தைப் பெருக்குகிறேன். கவலைப்படாதே, அதுவும் வேலைதான்.

இதைச் சமையல்காரர் எழுதித் தருகிறார். உலை கொதிக்கிறதென்று அவசரப்படுகிறார். ஒன்று மட்டும் செய். இதுவரை எனக்குக் கடிதம் எழுதித் தந்தவன் அந்த லேத்காரன்தான். பழையவற்றை உன் தங்கையிடம் கொடுத்து மறுபடி படிக்கச் சொல். உன் நினைவாகவே இருக்கிறேன் என்று ஒவ்வொன்றிலும் சொன்னேன். எழுதியிருக்கிறானா?

உன் வீட்டுக்காரன்