குண்டம்மாவின் குறை

ஜனவரி 5, ஞாயிறு

பெட்டியில் பன்னிரண்டு குழிகள். ஸ்பாஞ்சை நானே பிளேடால் வெட்டினேன். ஒவ்வொரு குழியும் ஒவ்வொரு ஐபீஸின் அளவு. நூலகத்து அகராதி இதைக் 'கண்ணருகு வில்லை' என்கிறது. அக்கா 'மூடி' என்கிறாள். தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கிற துண்டு, அவ்வளவுதான். குழாய் ஒன்றே; துண்டை மாற்றினால் வானத்தின் அளவு மாறும்.

இன்றைய நிலவரம்: எட்டு இருக்கின்றன, நான்கு குழிகள் காலி. காலியானவை குறையுள்ளவை, போய்விட்டன. ஒரு குறையும் இல்லாதவை மட்டும் மிஞ்ச வேண்டும் என்பது இந்த ஆண்டின் திட்டம். வேண்டாதது போனால்தான் வேண்டியது கண்ணில் படும். நூலகத்தில் பட்டியல் பிரிவில் இருக்கும் நான் இதைச் சொல்கிறேன். எங்கள் பிரிவிலிருந்து இதுவரை எதுவும் போனதில்லை.

அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு கண்ணுக்கு எத்தனை மூடிடி?" என்றாள். அவளுக்கு வெளிநாட்டு மருத்துவமனையில் நர்ஸ் வேலை உறுதியாகிவிட்டது. பிப்ரவரி 20 பயணம். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

ஜனவரி 11, சனி

சோதனை முறையை எழுதி வைக்கிறேன். ஏழு மணிக்கு மொட்டைமாடி. பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பார்வையின் நடுவில் நிறுத்த வேண்டும். இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்க்க வேண்டும். புள்ளி புள்ளியாக இருந்தால் தேர்ச்சி. வால், சிறகு, கொம்பு முளைத்தால் தோல்வி.

25 மி.மீ. துண்டு தோல்வி. வலது மேலாகச் சாய்ந்த சிறகு.

கைமாற்றும்போது பெட்டிக்குள் ஒரு சீட்டு வைப்பது என் வழக்கம். பெயர், அளவு, குறை. எதையும் மறைப்பதில்லை. வானம் பார்க்கிறவர்கள் குழுவில் இருக்கும் பல் டாக்டர்தான் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறார். அவருடைய கிளினிக் இரண்டு தெரு தள்ளி. குறையைப் படித்துவிட்டும் வாங்குகிறார். ஒன்றைக்கூடத் திருப்பிக் கொடுத்ததில்லை. ரசனை வேறு, கண் வேறு போல.

ஜனவரி 13, திங்கள்

முழு நிலா. சோதனை இல்லை. துணி துவைத்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

இன்று குண்டம்மாவின் முறை.

30 மி.மீ. இருப்பதிலேயே பெரியவள், ஒரு கையால் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும். பெயர் வைத்தது அக்கா. மற்ற எதற்கும் அவள் பெயர் வைக்கவில்லை. கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் முழுவதும் ஒரே பார்வையில் அடங்குவது குண்டம்மாவில் மட்டும்தான்.

சிறகு இதில்தான் மோசம். கூட்டத்தின் ஒவ்வொரு நட்சத்திரமும் பறக்கத் தயாராக நிற்கிறது. அக்காவைப் பார்க்கச் சொன்னேன்.

"சிறகா? உப்பு கொட்டின மாதிரி இருக்கு. பளிச்சுனு."

பழகாத கண்ணுக்குக் குறை தெரியாது என்று விளக்கினேன்.

"அப்ப பழகாததே நல்லது" என்றாள். கொஞ்ச நேரம் கண்ணை எடுக்காமல் நின்றிருந்தாள். பிறகு சொன்னாள்: "மத்தது எது வேணா போகட்டும். இவளை மட்டும் வச்சுக்கோ. நான் கிளம்பற வரைக்குமாவது."

கேட்டுக்கொண்டேன்.

ஜனவரி 25, சனி

கேட்டுக்கொண்டேன் என்றால் ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தமில்லை. திட்டம் என்றால் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். குண்டம்மா பல் டாக்டரிடம் போய்விட்டாள். சீட்டு: 'வலது மேலாகச் சாய்ந்த சிறகு, கடுமையாக.' பல் டாக்டர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

ஜனவரி 26, ஞாயிறு

அக்கா பெட்டியைத் திறந்தாள். பெரிய குழியைப் பார்த்தாள்.

"எங்க?"

குறை இருந்தது என்றேன்.

மூடியைச் சத்தமில்லாமல் சாத்தினாள். "உனக்குக் குறை கண்டுபிடிக்கத்தான் இதெல்லாம் வேணும். பாக்கறதுக்கு இல்ல." கோபமே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்று நோயாளிகளிடம் சொல்வாளே, அந்தக் குரல்.

நான் என்ன தப்பு பண்ணிட்டேன்? வீட்டுப் பொருளையா தூக்கிக் குடுத்தேன்? என் ஐபீஸ். என் கண்ணு. பார்க்கிறது யாரு, நானா அவளா — சரி. அவளும்தான் பார்த்தாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆறு மிச்சம். எல்லாமே சிறியவை, சட்டைப் பொத்தான் அளவு துளை. ஐந்து அப்பழுக்கில்லாதவை, 12 மி.மீ. துண்டில் மட்டும் லேசான சந்தேகம். மற்றவற்றில் புள்ளி புள்ளியாக இருக்கிறது, சிறகு இல்லை. திட்டம் வெற்றி.

கார்த்திகையை மட்டும் ஒவ்வொரு நட்சத்திரமாகத்தான் பார்க்க முடிகிறது. ஒன்றைப் பார்த்துவிட்டுக் குழாயை நகர்த்தி அடுத்ததைத் தேட வேண்டும். ஒரு நாவலைச் சாவித் துவாரம் வழியாக எழுத்தெழுத்தாகப் படிப்பதுபோல. எழுத்து மிகத் தெளிவு. கதைதான் பிடிபடவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

அக்கா ஒன்பது நாளாக மாடிக்கு வரவில்லை. துணியை அறைக்குள்ளேயே கயிறு கட்டிக் காயப்போடுகிறாள்.

பிப்ரவரி 8, சனி

12 மி.மீ. துண்டைக் கொடுக்கக் கிளினிக்குக்குப் போனேன். பல் டாக்டர் சீட்டைப் படித்தார். மேசை இழுப்பறையைத் திறந்து பழைய சீட்டுகளை எடுத்து வரிசையாகப் பரப்பினார். எல்லாவற்றையும் வைத்திருக்கிறார். ஆறு சீட்டு, இன்றையதோடு ஏழு. ஏழும் என் கையெழுத்து. வேறு வேறு கம்பெனி, வேறு வேறு அளவு, வேறு வேறு வருடம். குறை மட்டும் ஒன்று: வலது மேலாகச் சாய்ந்த சிறகு.

"நானும் ராத்திரி ராத்திரி தேடறேன், ஒண்ணுலயும் சிறகைக் காணோம்" என்றார். "பொறுக்கி எடுத்த சாமானா எனக்குக் குடுத்துட்டு இருக்கீங்க. ஏன்னுதான் புரியல."

நான் சீட்டுகளை மறுபடி ஒவ்வொன்றாகப் படித்தேன்.

"வர்ற ஏழு பேருக்கும் ஊசி போட்டதும் ஒரே இடத்துல வீங்குதுன்னு வைங்க. நான் அவங்க வாயையா சந்தேகப்படுவேன்? என் ஊசியத்தான் பாப்பேன்."

பின்னால் நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி காத்திருந்தார். பல் டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே, "தலையைச் சாய்ச்சுப் பாருங்க. சிறகும் கூடவே சாஞ்சா…" என்றார். முடிக்கவில்லை. 12 மி.மீ. துண்டை என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஐபீஸை அதன் இடத்திலேயே ஒரு முழுச் சுற்று திருகினேன். சிறகு அசையவில்லை. தலையை இடது பக்கம் சாய்த்தேன். சிறகும் சாய்ந்தது. வலது பக்கம். அதுவும் வந்தது. சொன்ன பேச்சுக் கேட்கிற நாய்க்குட்டி மாதிரி கூடவே வருகிறது.

வானம் பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்த சோதனைதான் இது, பாலபாடம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தலையைச் சாய்ச்சிருந்தா… ஏன் தோணல? என் தலை நேராத்தான் இருக்கும்னு எனக்கு அவ்வளவு நிச்சயமா?

பிப்ரவரி 10, திங்கள்

மதிய இடைவேளையில் கண்ணாடிக் கடை. கடைக்காரர் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பலகையைப் படிக்கச் சொன்னார். வலது கண்ணின் மேற்பரப்பு ஒரு பக்கமாகச் சற்று வளைந்திருக்கிறதாம். நோய் இல்லை, அமைப்பு. வெளிச்சத்தில் அவ்வளவாகத் தெரியாது; இருட்டில் கண் பாப்பா விரியும்போதுதான் காட்டிக்கொடுக்கும். பெரிய ஐபீஸில் ஏன் கடுமை, சிறியதில் ஏன் சுத்தம் என்பதற்கும் அதே பதில். சின்னத் துளை வழியாகப் பார்த்தால் வளைவு மறைந்துவிடும். தேறியவை அல்ல அவை. என்னை மறைத்தவை.

"இடது கண்ணு தங்கம்" என்றார். "ரெண்டு பேர் வேலையும் அதுதான் பாத்துட்டு இருக்கு."

மூன்று வருடமாக மொட்டைமாடியில் நின்று நான் மூடிக்கொண்டது அதைத்தான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

அக்காவிடம் சொல்லவில்லை. எப்படி ஆரம்பிப்பது? ஏழு விதமாக யோசித்தேன். ஏழிலும் முதல் வாக்கியத்தில் குண்டம்மா வருகிறாள்.

பிப்ரவரி 15, சனி

கிளினிக். விஷயத்தைச் சொன்னேன். பல் டாக்டர் சிரிக்கவில்லை, அதற்கு நன்றி. ஆனால் குண்டம்மாவைத் தருவதற்கு மனசில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். இருப்பதிலேயே அவருக்குப் பிடித்தது அதுதானாம். ஒரு வாரத்துக்கு இரவல் கேட்டேன்.

"இரவல் வேண்டாம். போறதும் வர்றதுமா இருந்தா கீழ விழும். எடுத்தா ஒரேயடியா எடுத்துக்கோங்க. பதிலுக்கு என்ன தர்றீங்க?"

பெட்டியைத் திறந்து காட்டினேன். ஆறையும் எண்ணினார்.

"ஆறும்" என்றார்.

மூன்று வருடப் பொறுக்கல். ஆறும் என்றேன்.

"சீட்டு?"

ஒவ்வொன்றுக்கும் அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். முதல் சீட்டில் 'குறை: இல்லை' என்று எழுதினேன். யோசித்து அடித்துவிட்டு எழுதினேன்: 'வானம் கொஞ்சமாகத்தான் தெரியும்.' ஆறிலும் அதையே எழுத வேண்டியிருந்தது.

குண்டம்மாவை மார்போடு அணைத்துக்கொண்டு வீடு வந்தேன். அக்காவுக்கு இன்னும் தெரியாது. வெறும் செய்தியாகச் சொல்ல வேண்டாம், மாடியில் காட்ட வேண்டும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மேகம்.

பிப்ரவரி 17, திங்கள்

மேகம். அக்கா பெட்டிகளை எடைபோட்டுக்கொண்டிருக்கிறாள். இன்னும் இரண்டு மாலைகள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஆறு மணிவரை மேகம். ஆறரைக்கு மேற்கில் ஒரு கிழிசல். ஏழேகாலுக்கு மொத்தமும் விலகியது.

அக்கா கூடத்தில் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். மாடிக்கு வா என்றேன். வேலை கிடக்கிறது என்றாள். தலையை நிமிர்த்தவில்லை.

"குண்டம்மா வந்திருக்கா."

டேப்பைக் கையில் பிடித்தபடியே வந்தாள். முதலில் அவளைப் பார்க்கச் சொன்னேன். குனிந்து பார்த்தாள். டேப்பின் முனை காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது.

"அப்படியேதான் இருக்கா" என்றாள்.

அப்போதுதான் சொன்னேன், கோளாறு என் வலது கண்ணில் என்று. உடனே திரும்பி, டேப்பைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தை ஒரு கையால் பிடித்து, கட்டைவிரலால் இமையை இழுத்து, ஃபோன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். நோய் இல்லை, அமைப்பு என்றேன். கையை எடுக்கவில்லை.

"எப்போ தெரியும்?"

"எட்டு நாளா."

"எட்டு நாள் வாயைத் திறக்காம இருந்திருக்க."

"நீ மட்டும்? துணியைக்கூட உள்ளதான் காயப்போட்ட."

அவள் நகர்ந்து இடம் விட்டாள். அவள் அடித்த வெளிச்சத்தில் கண் கூசிப்போய் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு வலது கண்ணை மூடினேன். பழக்கமில்லாததால் முகமே கோணியது. இடது கண்ணை வைத்தேன்.

கூட்டம் முழுதாக இருந்தது. ஒன்றுக்கும் சிறகு இல்லை. பெரியவற்றுக்கு நடுவே பொடி, அதற்கு நடுவே இன்னும் பொடி.

"சொல்லு" என்றாள் அக்கா. "என்ன குறை?"

"உப்பு" என்றேன்.

பிப்ரவரி 20, வியாழன்

அக்காவை அனுப்பிவிட்டு வந்தேன். அறையில் அவள் கட்டிய கயிறு இருக்கிறது. அவிழ்க்கவில்லை.

பிப்ரவரி 22, சனி

ஐபீஸ் பெட்டியை இன்றுதான் திறந்தேன். பன்னிரண்டு குழிகள், ஒன்றில் குண்டம்மா. அவளுக்கு அடியில் ஒரு சீட்டு. நான் வைத்ததல்ல. அக்காவின் கையெழுத்து, மருந்துச் சீட்டில் எழுதுவதைவிடக் கொஞ்சம் நிதானமாக:

'பெயர்: குண்டம்மா. அளவு: பெருசு. குறை: ரொம்பக் கனம். இல்லேன்னா எடுத்துட்டுப் போயிருப்பேன்.'

சமையலறைத் தராசில் வைத்துச் சரிபார்த்தேன். தொள்ளாயிரத்து எண்பது கிராம். குறை சரிதான்.