தொட அனுமதி உள்ளவன்

2 பிப்ரவரி 1982, கராச்சி

டி.வி. தொடரில் என் கணவன் மஜீதாக நடித்தவர் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டார். மில் வாசலில் பக்கோடா விற்கும் ஷப்போ, அதாவது நான், புருஷன் இல்லாமல் நிற்கிறேன். நிஜத்தில் அதற்குத்தானே கோர்ட்டுக்கு அலைகிறேன் என்று சிரித்துக்கொண்டேன்.

9 பிப்ரவரி

சிரிப்பு போயிற்று. புது மஜீத் யார்? வக்கார்! என் நிஜப் புருஷன்; குலா, அதாவது பெண்ணே கேட்டு வாங்கும் மணவிலக்கு, வாங்கித் தலைமுழுக நான் வழக்குப் போட்டிருக்கும் அதே ஆள்.

தயாரிப்பாளர் சிப்தைன் சாகிபிடம் சண்டைக்கு நின்றேன். அவர் பாவம், மேலிடத்து உத்தரவைக் காட்டினார். திரையில் ஆணும் பெண்ணும் தொடக் கூடாது, ஒரே கட்டிலில் உட்காரக் கூடாது. ஆனால் கதைப்படி அடுத்த மாதம் மஜீதின் இரண்டு கையும் தறியில் அடிபடும், ஷப்போ ஊட்டிவிட வேண்டும். நிஜமான தம்பதி என்றால் சம்மதம் என்று அதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள்.

ஆக, இந்த நாட்டிலேயே என்னைத் தொட அனுமதி உள்ள ஒரே ஆண், என் பல்லை உடைத்தவன். ரொம்ப நல்லாருக்குய்யா உங்க நியாயம்.

10 பிப்ரவரி

ஷப்போவையும் விட மாட்டேன். வழக்கையும் விட மாட்டேன்.

21 பிப்ரவரி

ஒத்திகை. நன்றாகத்தான் நடிக்கிறான், பாழாய்ப் போனவன். விளக்குப் பிடிப்பவர்கள்கூட விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்தான். "பாத்தியா தில்ஷாத், நீ என் பொண்டாட்டியா இருக்கணும்னு கவர்மெண்டே ஆசைப்படுது."

"அப்ப கவர்மெண்டையே கட்டிக்கோ" என்றேன்.

1 மார்ச்

தீர்ப்பு பதினொன்றாம் தேதி. படப்பிடிப்பு பதினைந்து. சிப்தைன் சாகிப் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒரே ஒரு வாய்தா வாங்கும்மா. ஊட்டி முடிச்சதும் அத்துக்கிட்டுப் போ. யாரு கேக்கப் போறா?"

இல்லாவிட்டால் ஷப்போவைத் தாய்வீட்டுக்கு அனுப்பிக் கதையை முடித்துவிட வேண்டியதுதானாம். கெட்டவர் சொன்னால் திட்டிவிட்டு வரலாம். இவர் நல்லவர். வீட்டுக்கு வந்து அழுதேன். நான் எதுக்கு அழணும்? அடிச்சவன் டீ குடிச்சிட்டுத் திரியறான், நான் அழணுமா? வாய்தா கிடையாது.

11 மார்ச்

கிடைத்துவிட்டது. நிக்காஹ்வில் அவன் தந்த மஹர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பல்லை யார் திருப்பித் தருவது?

விலக்குக்குப் பிறகு வீட்டோடு இத்தா இருக்க வேண்டியவள் படப்பிடிப்புக்குப் போகலாமா என்று கீழ்வீட்டுக்காரி இழுத்தாள். பிழைப்புக்குப் பகலில் போகலாம் என்று மௌலவியே சொல்லிவிட்டார், நீங்கள் உங்கள் அடுப்பைப் பாருங்கள் என்றேன்.

13 மார்ச்

ஷப்போ ஊருக்குப் போகும் காட்சியை எழுதிவிட்டார்களாம். எழுதட்டும்.

15 மார்ச்

கூப்பிடாமலே போனேன். ஷப்போவின் துணியைக் கட்டிக்கொண்டு அடுப்பின் முன் உட்கார்ந்தேன். ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் என்னை ஊருக்கு அனுப்புங்கள் என்றேன்.

வக்கார் இரண்டு கையிலும் கட்டோடு கட்டிலில். நான் எழுந்து, எண்ணெயிலிருந்து பக்கோடா அள்ளும் நீளக் காம்பு ஜல்லிக்கரண்டியை எடுத்தேன். அதில் ஒரு பக்கோடாவை வைத்து, தள்ளி நின்று, அவன் வாய்க்கு நேரே நீட்டினேன். "தின்னு. கிட்ட வந்தா எனக்குக் கோபம் வந்துரும்." இது வசனத்தில் இல்லை.

கேமராக்காரர் சிரித்த சிரிப்பில் படம் ஆடி, மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது முறை வக்காருக்கு விழுங்க முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது. நடிப்பா, நிஜமா? எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

சிப்தைன் சாகிப் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தொடவில்லை, ஒரே கட்டிலில் உட்காரவும் இல்லை, எதைச் சொல்லி வெட்டுவார்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

2 ஏப்ரல்

வெட்டவில்லை. நேற்று ஒளிபரப்பாயிற்று.

இன்று பஸ்ஸில் பெண்கள் பக்கம் ஒருத்தி, மில்லில் நூல் சுற்றுபவளாம், என்னைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏன் ஷப்போக்கா, கட்டின புருஷனுக்கு அவ்வளவு தூரத்துலேருந்தா ஊட்டுறது?"

"அவன் இப்ப என் புருஷன் இல்ல. குலா வாங்கிட்டேன்."

சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். துப்பட்டாவைக் கன்னத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, நகர்ந்து இடம் கொடுத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "அதுக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போகணும்?"

நான் இறங்க வேண்டிய இடம் வந்தது. இறங்கவில்லை.