செல்வ மூலையில் என் சுரைக்காய்

யுன் லோங், செப்டம்பர் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நலம். பேக்கரி வேலையிலும் குறையில்லை.

பக்கத்து வீட்டு சியுங் அக்கா, தீயதைத் திருப்பி அனுப்பவென்று என் கொல்லையைப் பார்த்து எட்டுமூலைக் கண்ணாடி மாட்டினாளே, அந்தச் சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன்! பதிலுக்கு நான் கண்ணாடி மாட்டவில்லை. வேண்டுமென்றே சுவரில் சுரைக்கொடி ஏற்றினேன். அது சுவர் தாண்டி, அவள் தோட்டத்துத் தென்கிழக்கில், அவள் சாஸ்திரப்படி செல்வ மூலையிலேயே காய்த்துத் தொங்கியது.

"ஏய் யூக்லிங், வந்து உன் கொடியை வெட்டுடி!"

"இதோ வெட்டுறேன்க்கா. ஆனா செல்வ மூலைக்குத் தானா வந்த சுரைக்காயை வெட்டினா அதிர்ஷ்டம் போயிடும்னு ஊருக்கெல்லாம் சொல்றது நீங்கதானே?"

அவள் முகம் மாறிவிட்டது. "ஐயையோ, வெட்டாதே! இந்தக் கண்ணாடி வேற வர்ற அதிர்ஷ்டத்தைத் துரத்துதே!" என்று தானே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினாள்.

உங்கள் சுரைக்காய் சூப் பக்குவத்தை எழுதுங்கள் அம்மா. எனக்கு மட்டும் வைத்தால் ருசிப்பதில்லை. நேற்று என் பக்கம் காய்த்ததில் ஒன்றைப் பறித்து, பாதியைச் சுவர் மேல் வைத்தேன். மாலையில் அங்கே ஒரு கிண்ணம் சூப் இருந்தது. உப்பு அதிகம். முழுதும் குடித்தேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. கண்ணாடி தொங்கிய ஆணியில் இப்போது சுரைக்காய் தொங்குகிறது. என்னுடையது!

உங்கள் மகள்,
யூக்லிங்