அப்பாவின் தள்ளாட்டம்

ஜூலை 4, வெள்ளி

மழை, மூன்றாம் நாள். டயகம பஸ் காலையில் மட்டும். போன் சிக்னலுக்கு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கோடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி மேல் ஏற வேண்டும்.

ஆய்வுக் கட்டுரை 15ஆம் தேதி பல்கலைக்கழகத்தில் என் மேடத்துக்குப் போக வேண்டும். வி.சி.பி. என்ற ஒரே ஒரு மனிதப் புரதம் பற்றி. செல்லுக்குள் அதற்கு என்னென்ன வேலை, மருந்தால் அதை மடக்க முடியுமா. எழுதியது நாலு பக்கம். அப்பாவைத் தாங்கிப் பிடித்துக் கக்கூசுக்குக் கூட்டிப்போனது ஐந்து தடவை.

விடுதியை விட்டு வந்து இரண்டு மாதம். அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனால் வீட்டில் நான்தான். கதவைத் திறந்தால் எதிர் லயம், மேலே பனி. மூச்சு முட்டுகிறது.

ஜூலை 6, ஞாயிறு

வி.சி.பி. வேலைகள்:
– கெட்டுப்போன புரதங்களை இழுத்துப் பிரித்து அரைக்க அனுப்புவது
– டி.என்.ஏ. பழுது பார்க்கும் இடத்தில் சிக்கியதை அகற்றுவது
– பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அப்புறப்படுத்த உதவுவது
– இன்னும் இருக்கிறது. கை வலிக்கிறது.

புற்றுச்செல்லில் இதை நிறுத்தினால் குப்பை சேர்ந்து செல் சாகும். மருந்துக்காரர்களுக்கு அதனால்தான் ஆசை. ஆனால் நல்ல செல்லுக்கும் இதே ஆள்தான் வேண்டும்.

அம்மா: "வெறகு பூரா நனைஞ்சிருச்சு. நீ என்னத்ததான் எழுதுற?"

ஜூலை 7, திங்கள்

மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் இதே புரதம் கட்டுமீறி ஓடுமாம். நாற்பதையொட்டி இடுப்பு, தோள் தசை தளரும். எலும்பு வலி. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி.

பேனாவை வைத்துவிட்டேன்.

அப்பா முதலில் விழுந்தது நாற்பத்திரண்டு வயதில். காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்தில், எல்லார் முன்னாலும். "விடியுறதுக்குள்ள ஊத்திக்கிட்டு வந்துட்டான்" என்றார் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு. அன்றிலிருந்து குடிகாரன். தாத்தாவும் தள்ளாடியவர்தான், அவரும் குடிகாரர். எங்கள் வீட்டுக்குப் பெயரே 'தண்ணி வண்டி வீடு'. அப்பா குடித்து ஒருநாளும் பார்த்ததில்லை. எங்கேயோ ஒளிந்து குடிக்கிறார் என்று நானும் நம்பினேன். படித்தவளாம். வெட்கம்.

ஜூலை 8, செவ்வாய்

தொட்டி மேல் நின்று அப்பாவைப் பற்றி மேடத்துடன் பேசினேன். சந்தேகம்தான், டாக்டர் பார்க்க வேண்டும், ரத்தம் எடுத்து அனுப்பினால் சோதிக்க ஏற்பாடு செய்கிறாராம். மருந்து? அந்தப் புரதத்தின் வேகத்தைக் குறைத்தால் பலன் இருக்கலாம் என்று ஆய்வுக்கூடத்துச் செல்களில் பார்த்திருக்கிறார்கள். மருந்துக்கடையில் ஒன்றும் இல்லை.

அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். குடியில்லை, நோய் என்று காகிதத்திலேயே வரும் என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"வேணாம்மா. ஞாயித்துக்கெழம நோட்டன் பிரிட்ஜ்ல இருந்து சின்னவளப் பாக்க வாராங்க. குடிகாரன் மகளக் கட்டுவாங்க. சீக்குக்காரன் மகள எவன் கட்டுவான்?"

"ஊரே உங்கள குடிகாரன்னு சொல்லுதேப்பா."

"சொல்லட்டும். எங்கப்பனும் குடிச்சதில்ல."

குடும்பத்து நோய் என்று தெரிந்தேதான் இருந்திருக்கிறார்.

ஜூலை 12, சனி

தங்கை சுதா கொழும்பிலிருந்து வந்தாள். நானுஓயா வரை ரயில், பிறகு வேன். தலையெல்லாம் ஈரம். மாப்பிள்ளை படத்தைப் பத்துத் தடவை காட்டிவிட்டாள். "இந்தச் சிரிப்பப் பாரேன்க்கா."

சொன்னால் கல்யாணம் நிற்கும். சொல்லாவிட்டால் அவளுக்கும் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் தெரியாமலே போகும். தலை துவட்டத் துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

கட்டுரை ஒரு வரி இல்லை. படி ஏறும்போதெல்லாம் என் தொடையைக் கவனிக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஆறு பேர் வந்தார்கள். வடை, கேசரி.

அவர்கள் வருவதற்கு முன் அப்பா யாரிடமோ சொல்லிக் கால் போத்தல் சாராயம் வாங்கி வைத்திருந்தார். கொப்பளித்துத் துப்பினார். சட்டையிலும் கொஞ்சம் தெளித்துக்கொண்டார். குமட்டியது அவருக்கு.

எழுந்து கும்பிடும்போது சரிந்தார். மாப்பிள்ளையின் அம்மா முகம் சுளிக்கவில்லை. "எங்க வீட்லயும் இதே கததான். ஆம்பளைங்கன்னா அப்படித்தான்." எல்லாரும் சிரித்தார்கள். கல்யாணத்தை ஆவணியில் வைத்துக்கொள்ளலாமாம்.

அப்பா முகத்தில் அப்படியொரு நிம்மதி. எனக்கு எரிச்சலாக வந்தது, அழுகையும்.

அவர்கள் போனதும் சுதா அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, அப்பா முழுங்கல. துப்புனத நான் பாத்தேன். அவருக்கு என்னக்கா?"

கேசரிச் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அடிப்பிடித்திருந்தது.

"குடிச்சிருக்காருடி" என்றேன்.